கழற்றிய பாகமா, புதுப் பாகமா? வீட்டுச் சாதனங்களை நாமே சரிசெய்யும்போது எதைத் தேர்வது

துணி துவைக்கும் மெஷின் தண்ணீரை வெளியே தள்ளாமல் நின்றுவிட்டது. குழாயில் அடைப்பு இல்லை. ஃபில்டரையும் கழற்றிப் பார்த்தாகிவிட்டது, சுத்தமாகத்தான் இருக்கிறது. பம்பு மட்டும் சுற்றாமல் முனகுகிறது. பம்புதான் போய்விட்டது என்று தெரிகிறது. சரி, இனி என்ன செய்வது?

வழிகள் நான்கு. கம்பெனியின் ஒரிஜினல் பம்பைப் புதிதாக வாங்கலாம். வேறு யாரோ தயாரித்த, அளவில் பொருந்தும் புது பம்பை வாங்கலாம். இன்னொரு பழைய மெஷினிலிருந்து கழற்றிய பம்பைப் போடலாம். இல்லையென்றால் மெஷினையே மாற்றிவிடலாம். மெக்கானிக்கைக் கூப்பிட்டாலும் அவர் செய்யப்போவது இந்த நான்கில் ஒன்றைத்தான். முடிவெடுப்பது மட்டும் நம் கையிலிருந்து அவர் கைக்குப் போகிறது.

பல வருடங்களாக வீட்டுச் சாதனங்களை நானே பிரித்துச் சரிசெய்து வருகிறேன். நான்கு வழிகளிலும் போயிருக்கிறேன். 'இந்த மெஷினுக்கு எது நல்லது' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பாகத்துக்குப் பாகம் பதில் மாறும். ஒரே மெஷினுக்குப் பேரிங்கைப் புதிதாக வாங்குவதும், பம்பை இன்னொரு பழைய மெஷினிலிருந்து எடுத்துப் போடுவதும், இரண்டுமே சரியான முடிவாக இருக்கலாம். கழற்றிய பாகம் என்று வந்துவிட்டால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும்: அதை எந்த மெஷினிலிருந்து எடுத்தோமோ, அந்த மெஷின் எதனால் நின்றது?

எதனால் நின்றது என்று தெரியாத மெஷின்

இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்டது ஒரு போர்டைப் பறிகொடுத்துத்தான். என் மெஷினின் கன்ட்ரோல் போர்டு கருகியிருந்தது. அதே மாடல் பழைய மெஷின் ஒன்று கிடைத்தது. அதன் டிரம் பேரிங் அரைத்துப்போய்ப் பயங்கரச் சத்தம் போட்டதால் தூக்கிப் போட்டிருந்தார்கள். அப்படியென்றால் அதன் போர்டு நன்றாக இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு சரிதான். போர்டு நன்றாகவே இருந்தது. ஆனால் என் மெஷினில் மாட்டி ஆன் செய்து, தண்ணீர் நிரம்ப வேண்டிய கட்டம் வந்ததும், அந்தப் போர்டும் அதே இடத்தில் கருகியது.

காரணம் தண்ணீர் வால்வு. அதன் காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தது. போர்டில் வால்வை இயக்கும் டிரையாக் என்ற சிறு பாகம் அந்த மின்னோட்டத்தைத் தாங்காமல் எரிந்திருக்கிறது. பழைய போர்டைக் கொன்ற அதே வால்வு, நான் கொண்டுவந்த போர்டையும் கொன்றது. முன்பே மல்டிமீட்டரை வைத்து வால்வின் மின்தடையை அளந்திருந்தால் தெரிந்திருக்கும். 230 வோல்ட்டில் ஓடும் வால்வுக் காயில் பொதுவாகச் சில ஆயிரம் ஓம் காட்டும். என்னுடையதில் அதில் சிறு பங்குகூட இல்லை.

பாகத்தைக் கொடுக்கும் மெஷினின் கதை மட்டும் தெரிந்தால் போதாது, வாங்கும் மெஷினின் கதையும் தெரியவேண்டும் என்பது அன்று புரிந்தது. புது ஒரிஜினல் போர்டு வாங்கிப் போட்டிருந்தாலும் அன்று இதேதான் நடந்திருக்கும். இன்னும் அதிகப் பணம் போயிருக்கும்.

கொடுக்கும் மெஷின் வேறு காரணத்தால் நின்றிருந்தால் அதன் மற்ற பாகங்களை நம்பலாம். ஆனால் இந்த விதிக்கும் விலக்கு உண்டு. பேரிங் போன மெஷினில் பெரும்பாலும் ரப்பர் சீல் முதலில் போயிருக்கும். தண்ணீர் கசிந்துதான் பேரிங் துருப்பிடித்திருக்கும். அந்தத் தண்ணீர் எங்கெல்லாம் சொட்டியது என்று பார்க்கவேண்டும். மோட்டாரின் மேல் சொட்டியிருந்தால் மோட்டாரும் சந்தேகத்துக்குரியது. முன்பக்கம் கதவுள்ள மெஷின்களில் டிரம்மைப் பின்னால் தாங்கும் மூன்று கைகள் கொண்ட தாங்கி இருக்கும். பெரும்பாலும் அது அலுமினியக் கலவை, டிரம்மோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டு உலோகமும் சோப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டே இருப்பதால் அலுமினியம் மெல்ல அரிக்கப்படும். உங்கள் மெஷினில் அது உடைந்திருந்தால், அதே வயதுள்ள இன்னொரு மெஷினின் தாங்கியும் உடையும் நிலைக்கு நெருங்கியிருக்கும். ஒரே வயது, ஒரே உழைப்பு, ஒரே நோய். அங்கே கழற்றிய பாகத்தைப் போடுவது வீண் வேலை.

'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு அர்த்தமில்லாத இடங்கள்

கம்பெனி பாகம்தான் உயர்ந்தது என்ற எண்ணம் நம்மில் ஊறியிருக்கிறது. சில பாகங்களுக்கு அது உண்மை. பலவற்றுக்கு இல்லை. சாதனக் கம்பெனிகள் எல்லாப் பாகங்களையும் தாங்களே செய்வதில்லை. பேரிங், பெல்ட், கெப்பாசிட்டர், பம்பு, கம்ப்ரசர் எல்லாம் பெரும்பாலும் வேறு நிறுவனங்களிடமிருந்து வருகின்றன. இத்தாலியின் அஸ்கோல் செய்யும் பம்பு பல பெயர்கள் கொண்ட மெஷின்களுக்குள் இருக்கிறது.

பேரிங்கைப் பாருங்கள். அதன் ஓரத்தில் 6204, 6205 என்று எண் பொறித்திருக்கும். இது உலகம் முழுக்க ஒரே அளவுமுறை. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் துளையின் அளவு மில்லிமீட்டரில் வரும். 04 என்றால் 20, 05 என்றால் 25. நான்குக்குக் கீழே மட்டும் இந்தக் கணக்கு மாறும்: 6202இன் துளை 15 மில்லிமீட்டர், 6201இன் துளை 12. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல், இசட்இசட் என்று இருந்தால் இரண்டு பக்கமும் உலோக மூடி. எந்த நல்ல பேரிங் நிறுவனத்தின் 6204ஐ வாங்கினாலும் உங்கள் மெஷினில் உட்காரும். கம்பெனிப் பெட்டியில் வருவதற்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. பெல்ட்டும் இப்படித்தான். 1270 ஜே5 என்று எழுதியிருந்தால் நீளம் 1270 மில்லிமீட்டர், ஜே வகைப் பள்ளங்கள் கொண்ட ஐந்து வரி. மின்விசிறியின் கெப்பாசிட்டரில் மைக்ரோ ஃபாரட் அளவும் வோல்ட்டும் அச்சிட்டிருக்கும். அளவு அதேபோலவும், வோல்ட் அதற்குக் குறையாமலும் இருந்தால் போதும்.

இவற்றைப் பழைய சாதனத்திலிருந்து எடுக்கவும் கூடாது. பேரிங் தேயும், பெல்ட் வெடிக்கும், கெப்பாசிட்டர் வருடத்துக்கு வருடம் அளவில் குறையும். கழற்றும்போது பேரிங்கைத் தட்டித்தான் எடுக்கவேண்டும். அந்தத் தட்டலிலேயே உள்ளிருக்கும் குண்டுகளின் தடத்தில் வடு விழும். புதியது மலிவு, எங்கும் கிடைக்கும். மோட்டாரின் கார்பன் பிரஷும் அப்படியே. தேய்வதற்கென்றே படைத்த பொருளைப் பாதி தேய்ந்த நிலையில் எடுத்துப் போடுவதில் லாபமில்லை. சரியான அளவு பிரஷ் கிடைக்கவில்லையென்றால், சற்றுப் பெரிய புது பிரஷ்ஷை உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரலாம். நான் பலமுறை செய்திருக்கிறேன், நன்றாக ஓடுகிறது.

ஒரிஜினல் தேவைப்படும் இடம் வேறு: வடிவம் தனித்தன்மையாக இருக்கும் பாகங்கள். கதவு ரப்பர், கதவுப் பூட்டு, போர்டு ஆகியவற்றுக்கு மாற்றுத் தயாரிப்பு இருந்தாலும் ஒரு மில்லிமீட்டர் விலகினால் கசியும் அல்லது பூட்டாது. இவற்றில் கதவு ரப்பரை மட்டும் கழற்றியதாக வாங்கவே வேண்டாம். வேறொரு கதவின் வளைவுக்குப் பழகி இறுகிப்போயிருக்கும்.

ஒரிஜினலின் பெரிய குறை, அது கிடைப்பதும் கிடைக்கும் விதமும்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் இதற்குச் சட்டம் இருக்கிறது. அந்த மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும், துணி துவைக்கும் மெஷினுக்குக் குறைந்தது 10 ஆண்டும், ஃபிரிட்ஜுக்குக் குறைந்தது 7 ஆண்டும் முக்கியமான பாகங்கள் கிடைத்தாக வேண்டும். இப்படிச் சட்டம் இல்லாத இடங்களில் கம்பெனி நினைத்தால் தருவதுதான். கிடைத்தாலும் தனியாகக் கிடைக்காது. டிரம் பேரிங் வேண்டுமென்றால், பிரிக்கமுடியாமல் ஒட்டி மூடிய தொட்டியையே முழுதாக வாங்கச் சொல்வார்கள். அதன் விலையைப் பார்த்துவிட்டு மனம் உடைந்து புது மெஷின் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். கழற்றிய பாகத்துக்கு உண்மையான மதிப்பு வருவது இந்த இடத்தில்தான். கடையில் தனியாக விற்காத பொருளைப் பழைய மெஷினிலிருந்து தனியாக எடுக்க முடிகிறது.

நம்பிக் கழற்றக்கூடியவை

உழைப்பால் தேயாத பாகங்கள் முதலில் வருகின்றன. ஃபிரிட்ஜின் கண்ணாடித் தட்டு, கதவு ஓரத் தட்டுகள், காய்கறிப் பெட்டி, கைப்பிடி, குமிழ்கள், மெஷினின் புல்லி, எடைக்கல், மைக்ரோவேவின் சுழலும் கண்ணாடித் தட்டும் அதன் கீழே உருளும் வளையமும். விரிசல் இல்லையென்று பார்த்தால் போதும், பத்து வருடப் பழசும் புதிதும் ஒன்றுதான். ஆனால் இவை உடைந்து கடையில் கிடைக்காததாலேயே நன்றாக ஓடும் ஃபிரிட்ஜைச் சிலர் மாற்றுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

அடுத்து, உழைத்திருந்தாலும் அளந்து பார்த்து நம்பக்கூடியவை. ஆரம்பத்தில் சொன்ன பம்பு இதற்கு நல்ல உதாரணம். தண்ணீர் புகும் பிளாஸ்டிக் கூடு மாடலுக்கு மாடல் மாறும். அதில் மாட்டும் மோட்டார்ப் பகுதி பல மெஷின்களில் ஒன்றே. மூன்று ஸ்க்ரூவில் நிற்கும், அல்லது திருகிப் பூட்டும் காதுகள் இருக்கும். பழைய கூட்டை அப்படியே விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் மாற்றலாம். இறக்கையைக் கையால் சுற்றினால் விட்டுவிட்டுத் தடுப்பதுபோல் இருக்கும். உள்ளே நிலைக்காந்தம் இருப்பதால் அப்படி, அது பழுதில்லை. இலகுவாக, தடையே இல்லாமல் சுற்றினால்தான் இறக்கை அச்சிலிருந்து விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 230 வோல்ட் பம்பின் காயில் நூறு, இருநூறு ஓம் அளவில் இருக்கும். அச்சில் ஆட்டம் இல்லாமல், காயில் கருகிய வாசனை இல்லாமல் இருந்தால், கழற்றிய பம்பு பல வருடம் ஓடும். என் கணக்கில், பம்பைப் பொறுத்தவரை கழற்றியதுதான் முதல் தேர்வு. நல்ல நிறுவனத்தின் மாற்றுப் பம்பு இரண்டாவது. ஒரிஜினல் மூன்றாவது.

தண்ணீர் சூடாக்கும் எலிமென்ட்டை அளப்பது இன்னும் எளிது. வோல்ட்டின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் ஓம் வரும். 230 வோல்ட்டில் 2000 வாட் எலிமென்ட் என்றால் ஏறத்தாழ 26 ஓம். அதோடு, எலிமென்ட்டின் முனைக்கும் வெளி உலோகத்துக்கும் இடையில் இணைப்பே காட்டக்கூடாது. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. எலிமென்ட்டின் உள்ளே நிரப்பியிருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சும். கழற்றி இரண்டு மூன்று வருடம் மூலையில் வைத்த எலிமென்ட்டை மாட்டினால், எர்த் கசிவுக்கு வைத்திருக்கும் பிரேக்கர் விழலாம். எலிமென்ட் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட வேண்டாம். சில மணி நேரம் மிதமான சூட்டில் உலர்த்தி மறுபடி அளந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சாதாரண மல்டிமீட்டர் குறைந்த வோல்ட்டில்தான் அளக்கும், லேசான கசிவு அதில் தெரியாமல் போகலாம். அதிக வோல்ட்டில் கசிவை அளக்கும் இன்சுலேஷன் டெஸ்டர் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

போர்டுகள் நடுவில் நிற்கின்றன. மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, போர்டின் மேல் ஒட்டியிருக்கும் எண் கடைசி எழுத்துவரை ஒத்துப்போகவேண்டும். வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மெஷின்களில் மோட்டார் வேறாக இருக்கும், அதற்கேற்ப உள்ளே எழுதிய மென்பொருளும் வேறாக இருக்கும். அப்புறம், போர்டிலுள்ள எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள். அவற்றின் ஆயுளை 105 டிகிரி செல்சியஸில் 2000 மணி என்பதுபோல் குறித்திருப்பார்கள். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஃபிரிட்ஜின் போர்டு வருடத்துக்கு 8,760 மணி நேரமும் மின்சாரத்தில் இருக்கிறது. ஆகவே பழைய ஃபிரிட்ஜிலிருந்து போர்டை எடுத்தால், கெப்பாசிட்டர்களை மட்டும் புதிதாக மாற்றிவிட்டுப் போடுவது என் வழக்கம். சாலிடரிங் தெரிந்தவர்களுக்கு அரை மணி நேர வேலை. தெரியாதவர்கள் உச்சி உப்பிய கெப்பாசிட்டர் இருக்கும் போர்டை வாங்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எந்த விலைக்கும் கழற்றிப் போடக்கூடாதவை

உயிரைக் காப்பதற்கென்றே இருக்கும் பாகங்களில் சிக்கனம் வேண்டாம். அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர், காபி மேக்கர் ஆகியவற்றுள் இருக்கும் தெர்மல் ஃபியூஸ், சூடு எல்லை மீறினால் அறுந்து மின்சாரத்தை நிறுத்தும், ஒரே ஒருமுறை வேலை செய்யும் பாகம். பழையது எத்தனை முறை சூட்டின் விளிம்புவரை போய் வந்தது என்பதை எந்த மீட்டரும் சொல்லாது. அதே டிகிரியில் புதிதாக வாங்கி, சாலிடர் செய்யாமல், சிறு உலோகக் குழலில் கம்பிகளை நுழைத்து நசுக்கி (கிரிம்ப் அடித்து) இணையுங்கள். சாலிடரின் சூட்டிலேயே அது அறுந்துவிடும். ஃபியூஸை விலக்கி நேரடியாகக் கம்பி போடுவது வீட்டைக் கொளுத்தும் வேலை. தண்ணீர் உள்ளே வரும் குழாய், கேஸ் பாகங்கள், மைக்ரோவேவ் கதவின் பாதுகாப்பு ஸ்விட்ச் எல்லாம் இதே வகைதான்.

மைக்ரோவேவைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். உள்ளே சுமார் 2,000 வோல்ட்டைத் தாங்கும் கெப்பாசிட்டர் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஆளைக் கொல்லும் அளவு மின்சாரத்தை வைத்திருக்கக்கூடும். வெளியே நின்று எடுக்கக்கூடிய கண்ணாடித் தட்டோடும் வளையத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். மூடியைத் திறக்கவேண்டாம்.

ஃபிரிட்ஜில் குழாயை வெட்டுவதும் கூடாது. இன்றைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் குளிரூட்டுவதற்காக இருக்கும் ஆர்-600ஏ வாயு தீப்பிடிக்கும். முந்தையவற்றில் இருக்கும் ஆர்-134ஏ தீப்பிடிக்காது, ஆனால் புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு. கழற்றிய கம்ப்ரசரை மாட்ட, குழாய் பற்றவைப்பு, வாக்குவம் பம்பு, எடைபோட்டு வாயு நிரப்புதல் என்று வீட்டில் இல்லாத கருவிகள் வேண்டும். கம்ப்ரசர் போன பழைய ஃபிரிட்ஜுக்கு, நான்கு வழிகளில் கடைசி வழிதான் என் பரிந்துரை. இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் சாதனம் என்பதால் புதியது மிச்சப்படுத்தும் மின்சாரமும் கணக்கில் வரும். கம்ப்ரசர் நன்றாக இருந்து, அதன் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஸ்டார்ட்டிங் ரிலே மட்டும் போயிருந்தால் கதை வேறு. அது கையால் பிடுங்கி மாட்டும் சின்னப் பாகம், புதியதாகவே வாங்கிப் போடலாம்.

பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த லித்தியம் செல்களை வேக்குவம் கிளீனருக்கும் டிரில்லுக்கும் போடுபவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்த செல்லை மறுபடி சார்ஜ் செய்தால் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் வாய்ப்பு இருக்கிறது. ஒரு செல்லின் கடந்த காலத்தை வெளியிலிருந்து யாராலும் படிக்க முடியாது.

மாட்டிய பிறகு முதல் முறை ஆன் செய்வது

கழற்றிய பாகத்தின் உண்மையான விலை நேரம். இரண்டு மெஷினைத் திறக்கவேண்டும். ஒன்றில் கழற்றவேண்டும், அளக்கவேண்டும், துடைக்கவேண்டும், இன்னொன்றில் மாட்டவேண்டும். வீட்டில் குழந்தை இருந்து துணி குவிகிறதென்றால், அன்றே கிடைக்கும் புதுப் பாகத்தை வாங்குங்கள். காத்திருக்க முடியும் என்றால்தான் கழற்றியது லாபம்.

மாட்டியதை முதல் முறை ஆன் செய்ய, பழைய மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு எனக்கு மிகவும் பிடித்த கருவி. சாதனத்துக்குப் போகும் மின்சாரத்தை ஒரு 100 வாட் இழை பல்பின் வழியாக அனுப்புவது, அவ்வளவுதான். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், மெஷினின் கன்ட்ரோல் போர்டு தப்பிக்கும். கன்ட்ரோல் போர்டில் பழுதில்லையென்றால் ஒரு நொடி பளிச்சிட்டு மங்கிவிடும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. எலிமென்ட் ஓடும்போது இதை நம்பவும் கூடாது, அதிக மின்சாரம் இழுப்பதால் ஷார்ட் இல்லாமலே பல்பு பிரகாசமாக எரியும். இது இருந்திருந்தால் அன்று என் இரண்டாவது போர்டு பிழைத்திருக்கும். வேலைசெய்யும் இடத்துக்கு, எர்த் கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பிரேக்கரும் இருக்கவேண்டும்.

தூக்கிப்போடும் முன்

உங்கள் மெஷினே ஒருநாள் இன்னொன்றுக்குப் பாகம் கொடுக்கும். முழு மெஷினையும் மூலையில் அடைத்து வைக்கவேண்டாம், இடம் போதாது. பம்பு, கதவுப் பூட்டு, மோட்டார், போர்டு, குமிழ்கள், தட்டுகள் இவற்றை மட்டும் எடுங்கள். கனெக்டரைப் பிடுங்கி எடுப்பதோடு நிறுத்தாமல், எதிர்ப்பக்கக் கனெக்டரையும் பத்து சென்டிமீட்டர் வயரோடு வெட்டி எடுங்கள். தனியாகத் தேடினால் கிடைக்காத பொருள் அது. ஸ்க்ரூக்களை அந்தந்தப் பாகத்தோடு ஒட்டி வையுங்கள். ரப்பர், பெல்ட், பேரிங், கெப்பாசிட்டர் எதையும் சேர்க்காதீர்கள்.

பிறகு ஒரு சீட்டு எழுதிக் கட்டுங்கள். என் பெட்டியில் இப்போது இருக்கும் பம்பின் சீட்டில் மெஷினின் மாடல் எண், கழற்றிய மாதம், 'காயில் 148 ஓம், அச்சில் ஆட்டமில்லை' என்று இருக்கிறது. அதன் கீழே இன்னொரு வரி: 'மெஷின் நின்றது தாங்கி உடைந்து, பம்பு கடைசி நாள்வரை ஓடியது.'